உடைந்ததா, உடைத்தார்களா?

தமிழில் 'உடை' என்னும் வினையடி இரண்டு வழிகளில் செல்லும். 'கண்ணாடி உடைந்தது' என்றால் நிகழ்ச்சி மட்டுமே தெரியும். செய்தவர் யாரென்ற கேள்வி எழாது. 'கண்ணாடியை உடைத்தார்கள்' என்றால் வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறார். இத்தகைய இணைகளை இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்தவர் கு. பரமசிவம். இந்தியில் 'டூட் கயா' ஒன்று, 'தோட் தியா' வேறொன்று. தெலுங்கில் 'பகிலிந்தி' வேறு, 'பகலகொட்டாரு' வேறு. ஆங்கிலத்தின் 'பிரேக்' மட்டும் இரண்டு வேலைகளையும் ஒரே வடிவத்தில் செய்துவிடுகிறது. முதலாம் பருவத்து மொழியியல் வகுப்பிலேயே சொல்லப்படும் செய்திதான் இது. ஆனால் மோட்டார் காப்பீட்டில் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே ஒருவர் எந்த நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறார் என்பது முடிவாகிறது. ஹைதராபாதில் மொழியியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்தது இதைத் தெளிவாகக் காட்டும்.

ஆய்வேட்டின் ஓர் இயலைப் படியெடுத்துக் கட்டக் கொடுப்பதற்காக அவர் தம் சிறிய காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கடைக்குள் சென்றார். திரும்ப இருபது நிமிடங்களாயின. அதற்குள் பின்பக்க இடது கதவின் கண்ணாடி நொறுங்கி இருக்கை முழுதும் சிதறிக் கிடந்தது. இருக்கையில் வைத்திருந்த பையைக் காணவில்லை. பையில் மடிக்கணினி இருந்தது. மடிக்கணினியில் அதிலாபாத் மாவட்டத்துச் சிற்றூர்களில் அவர் பதிவுசெய்த கோலாமி மொழி உரையாடல்கள் இருந்தன. பெரும்பகுதிக்கு வீட்டில் நகல் உண்டு. கடைசிப் பயணத்தில் எடுத்த பதினொரு மணிநேரப் பதிவுக்கு இல்லை. அதில் பேசியவர்களுள் மிக மூத்தவர் அதற்குள் காலமாகியிருந்தார்.

அன்று மாலை பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக் கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே துண்டுகள் உருளும் ஓசை கேட்டது. "எழுதும்போது கல் தெறித்து உடைந்தது என்று எழுதிவிடுங்கள் மேடம்," என்றார் அவர் தக்காணி இந்தியில். "பத்தர் லகா, டூட் கயா. அவ்வளவுதான். போலீஸ், எஃப்.ஐ.ஆர். என்று போனால் இரண்டு நாள் வீண்."

"அப்படி எழுதினால் பை எப்படிப் போயிற்று, பாய்?"

"பை வேறு, கண்ணாடி வேறு மேடம். கம்பெனிக்குக் கண்ணாடி மட்டும்தான்."

அவர் ஏமாற்றச் சொன்னதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் வருகிற வாடிக்கையாளர்களுக்கு அலைச்சலைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கத்தில் சொன்னார். 'பை வேறு, கண்ணாடி வேறு' என்ற கூற்று பாதி சரியும்கூட. மீதிப் பாதியை அறியப் பாலிசியைத் திறக்க வேண்டியிருந்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் அது ஈடு தரும். சொந்தக் காரின் ஒரு விளக்குக்கும் தராது. அதை மட்டும் வைத்திருப்பவருக்குக் கண்ணாடி எந்த வினையால் உடைந்தாலும் ஒன்றுதான். கேள்வி எழுவது சொந்த சேதக் காப்பும் சேர்ந்த பாலிசி உள்ளவர்களுக்கே. விரிவுரையாளரிடம் அது இருந்தது.

அந்தப் பாலிசிகளின் அடிப்படைச் சொற்கோவை 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண ஒழுங்கிலிருந்து வருகிறது. சொந்த சேதக் காப்பின் கட்டணங்களை 2007 முதல் நிறுவனங்களே முடிவுசெய்கின்றன. சொற்கள் பெரும்பாலும் பழையபடியே நீடிக்கின்றன. அதில் 'கண்ணாடி உடைந்தால் ஈடு தரப்படும்' என்று ஒரு வரி இருக்குமென்று தேடுபவர் ஏமாறுவார். எந்தெந்தப் பாகத்துக்குக் காப்பு என்று அது பட்டியலிடுவதில்லை. எந்தெந்தக் காரணத்துக்குக் காப்பு என்றே பட்டியலிடுகிறது. தீ, வெடிப்பு, மின்னல், கன்னமிடல், வீடுபுகுதல், திருட்டு, கலவரமும் வேலைநிறுத்தமும், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, வெளியிலிருந்து நேரும் விபத்து, தீய எண்ணத்துடன் செய்யப்படும் செயல், பயங்கரவாதம், வேறு ஊர்தியில் ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதம், நிலச்சரிவு, பாறைச்சரிவு எனப் பத்துத் தலைப்புகள். உடைந்த கண்ணாடி இவற்றுள் ஏதேனும் ஒன்றின்கீழ் வந்தாக வேண்டும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. கதவுக்குள் கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறி பழுதாகிக் கண்ணாடி விழுந்து உடைந்தால், 'தானாக உடைந்தது' என்பது உண்மையாக இருந்தும் ஈடு கிடைக்காமல் போகலாம்.

லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்தால் அது வெளியிலிருந்து நேர்ந்த விபத்து. பழிவாங்க ஒருவர் உடைத்தால் அது தீய எண்ணச் செயல். பையை எடுக்க உடைத்தால் அது திருட்டு. மூன்றுக்கும் காப்பு உண்டு. அப்படியானால் எதை எழுதினால் என்ன என்று மெக்கானிக்கைப் போலவே பலரும் கேட்பார்கள். பாலிசி நிபந்தனைகளில் முதலாவது அதற்கு விடை தருகிறது. விபத்தோ சேதமோ நேர்ந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருட்டோ வேறு குற்றச்செயலோ என்றால் காவல்துறைக்கும் உடனே தெரிவித்து, விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். இயக்குவினையைத் தேர்ந்தவருக்குக் காவல் நிலையம் செல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது. இயங்குவினையைத் தேர்ந்தால் அந்தக் கடமையிலிருந்து தப்பலாம். மெக்கானிக் சொன்ன குறுக்குவழி இதுதான்.

இந்த நிபந்தனையின் வாக்கிய அமைப்பையே உச்ச நீதிமன்றம் ஆராய நேர்ந்ததுண்டு. குர்ஷிந்தர் சிங் என்பவரின் டிராக்டர் திருடுபோன வழக்கில் 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவர் காவல்துறையில் உடனே புகார் செய்திருந்தார். நிறுவனத்துக்குப் பல வாரங்கள் கழித்தே தெரிவித்தார். நிபந்தனையின் விபத்துப் பகுதியையும் திருட்டுப் பகுதியையும் நீதிமன்றம் பிரித்துப் படித்தது. திருட்டில் முதன்மையானது காவல்துறைக்கு உடனே சொல்வது. அது நடந்திருக்கும்போது நிறுவனத்துக்குச் சொன்னதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டுமே காட்டி உண்மையான கோரிக்கையைத் தள்ள முடியாது என்றது. அது வண்டியே திருடுபோன வழக்கு. கண்ணாடிக்காகத் தாமதிக்கலாம் என்று பொருள்கொள்ளக் கூடாது. ஆயினும் காரணத்தின் பெயர் மாறினால் கடமையும் மாறும் என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது.

விரிவுரையாளர் காவல் நிலையம் சென்றார். கல் தெறித்தது என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, பை திருடுபோனது என்று காவல்துறைக்கு எழுத அவரால் முடியவில்லை. ஒரே இருபது நிமிடத்துக்கு இரண்டு கதைகள் இருக்க முடியாது. பொய்யான விவரம் கோரிக்கையை மறுக்கப் போதிய காரணமாகும் என்பது ஒருபுறம். மடிக்கணினி எப்போதாவது ஒரு பழைய பொருள் கடையில் அகப்பட்டால் அதை அவருடையதென்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம் முதல் தகவல் அறிக்கைதான் என்பது மறுபுறம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி அதன் நகல் புகார் தருபவருக்கு இலவசம். தெலுங்கில் எழுதப்பட்ட அந்த அறிக்கையில் 'கண்ணாடியைப் பகலகொட்டிப் பையை எடுத்துச் சென்றனர்' என்னும் பொருளில் ஒரே வாக்கியம் இருந்தது. காவல் நிலையத்தில் அரை நாள் கழிந்தது, இரண்டு நாளாகவில்லை.

அதன் பிறகே கணக்குக்கு வந்தார். பட்டறையின் மதிப்பீடு, வரி நீங்கலாக, கதவுக் கண்ணாடிக்கு 3,200 ரூபாய், அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு 400, பொருத்துக்கூலி 600, ஆக 4,200. பாலிசியின் தேய்மான அட்டவணை வியப்பான ஒன்று. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள். ஃபைபர் கிளாசுக்கு 30. மூன்று ஆண்டுகள் கடந்து நான்காம் ஆண்டில் ஓடும் காரின் உலோகப் பாகங்களுக்கு 25. கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லை. காருக்கு எத்தனை வயதானாலும் கண்ணாடியைப் புதிதாகவே மதிப்பார்கள். கண்ணாடிக்காக மட்டும் 'ஜீரோ டெப்' சேர்ப்பு வாங்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எனவே கண்ணாடிக்கு முழுத்தொகை, பீடிங்குக்குப் பாதி, கூலி முழுதும் சேர்த்து 4,000 ரூபாய். இதிலிருந்து கட்டாயக் கழிவு ஒன்று உண்டு: 1500 சி.சி. வரையிலான தனியார் கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000. அவருடையது 1200 சி.சி. கைக்கு வரக்கூடியது 3,000 ரூபாய்.

இனி நோ கிளெய்ம் போனஸ். கோரிக்கையின்றிக் கழியும் ஆண்டுகளுக்கு ஏற்ப, சொந்த சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனத் தள்ளுபடி ஏறும். ஒரு கோரிக்கை செய்தால் அடுத்த புதுப்பித்தலில் சுழியமாகும். பிறகு மீண்டும் அடியிலிருந்து ஏற வேண்டும். அவர் 35-இல் இருந்தார். கோரிக்கை செய்யாவிட்டால் வரும் ஆண்டுகளில் 45, பிறகு தொடர்ந்து 50. செய்தால் 0, 20, 25, 35, 45. ஐந்து ஆண்டுகளின் வேறுபாடுகள் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 விழுக்காடு. தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 5,000 ரூபாய் என்ற அளவிலேயே நிற்குமானால் இழப்பு 6,000 ரூபாய். மூவாயிரத்தைப் பெற ஆறாயிரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் கோரிக்கை செய்யவில்லை. தம் கையிலிருந்தே 4,200 ரூபாயைக் கொடுத்தார்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே விடை தராது. அந்த ஐந்து ஆண்டுகளில் வேறு பெரிய சேதம் நேராது என்னும் அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. கேமராவும் உணரியும் பொருத்திய முன்கண்ணாடியானால் விலை பல மடங்காகும், கோரிக்கையே லாபம். முன்கண்ணாடி இரு தாள்களுக்கிடையே படலம் வைத்து ஒட்டியது. சிறு பொத்தலைப் பிசின் ஊற்றி அடைத்துவிடலாம். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்திய ஒற்றைத் தாள். அடிபட்டால் பொடிந்துபோகும், மாற்றத்தான் வேண்டும். சில நிறுவனங்கள் கண்ணாடிப் பழுதுக்கென்றோ போனஸைக் காப்பதற்கென்றோ கூடுதல் சேர்ப்புகளை விற்கின்றன. அவை உள்ளவர் போனஸை இழக்காமலே ஈடு பெற இடமுண்டு. எதுவாயினும் துண்டுகளைக் கூட்டி அள்ளுமுன் படம் எடுப்பதும், நிறுவனம் பார்வையிடுமுன் பழுதுபார்க்காதிருப்பதும், சம்பள நாளில் அல்லாமல் பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் அந்தப் பத்துத் தலைப்புகளை ஒருமுறை படித்துவைப்பதும் நல்லது.

மெக்கானிக் சொன்ன 'பை வேறு' என்பதற்கு இங்கேதான் இடம். கார்ப் பாலிசி காரை மட்டுமே பார்க்கும். இருக்கையில் கிடந்த பொருள் காரின் பாகமன்று. தனிப்பட்ட உடைமைகளுக்கெனச் சேர்ப்பு ஒன்று கிடைக்கிறது; அதற்கும் வரம்பும் விலக்குகளும் உண்டு. அது இருந்திருந்தாலும் மடிக்கணினியின் விலையில் ஒரு பகுதி வந்திருக்கும். அவருக்குப் போனது அதன் விலையன்று.

மடிக்கணினி இன்றுவரை கிடைக்கவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. விரிவுரையாளர் கடந்த குளிர்காலத்தில் மீண்டும் அதிலாபாத் சென்றார். முதியவரின் மகள், தந்தை சொன்ன கதைகளில் நினைவிருந்த இரண்டைத் தம் குரலில் சொன்னார். அவற்றை அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டுத்தான் விரிவுரையாளர் உறங்கச் சென்றார்.