குளத்து நடுவுல ஒரு ஜப்பான் மேப்!

குற்றாலம் போனா என்ன செய்வீங்க? பேரருவியில தலையைக் கொடுத்து நிப்பீங்க. எண்ணெய் மசாஜ் பண்ணிக்குவீங்க. நேந்திரம் சிப்ஸ் வாங்குவீங்க. மங்குஸ்தானுக்கும் ரம்புத்தானுக்கும் பேரம் பேசுவீங்க. ராத்திரி பார்டர் கடை புரோட்டாவை ஒரு கை பாப்பீங்க. நானும் ஒண்ணு விடாம செஞ்சேன். கூடுதலா, ஒரு லேப்டாப், ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ, பத்து மீட்டர் ஒயர்... இதையும் பையில திணிச்சுக்கிட்டுப் போனேன்.

"அருவிக்கு எதுக்குடா லேப்டாப்? அசைன்மென்ட்டா?" என்று ரூம்மேட் கேட்டான்.

"ஜப்பான்ல இருந்து ஒரு மேப் வரும். பிடிக்கணும்" என்றேன். எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் பசங்களைப் பத்தி அவனுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு. அது உறுதியான மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

விஷயம் இதுதான் மக்களே. நடுக்கடல்ல போற கப்பலுக்கு டவர் கிடையாது. ஆனா நாளைக்குக் காத்து எப்படி, எந்தப் பக்கம் புயல் என்று தெரிஞ்சே ஆகணும். அதுக்காகவே 'ரேடியோ ஃபேக்ஸ்' என்று ஒரு பழைய சங்கதி இருக்கு. வானிலை நிபுணர் வரைஞ்ச மேப்பை கோடு கோடாக ஸ்கேன் பண்ணி, அதைச் சத்தமாக மாற்றி, ஷார்ட்வேவில் அனுப்பிடுவாங்க. கறுப்புப் புள்ளி என்றால் 1500 ஹெர்ட்ஸ், வெள்ளை என்றால் 2300 ஹெர்ட்ஸ். நிமிஷத்துக்கு 120 கோடு, அதாவது செகண்டுக்கு ரெண்டு. காதால கேட்டா, யாரோ தகரத்தைத் தாளம் போட்டு அரத்தால தேய்க்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல கப்பல்ல இதுக்கென்றே ஒரு பெரிய மெஷின், சுருள் பேப்பர் எல்லாம் இருக்கும். இப்போ ரேடியோவோட ஹெட்போன் ஓட்டையில இருந்து லேப்டாப் மைக்குக்கு ஒரு ஒயர், 'எஃப்.எல்.டிஜி' மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர். மேட்டர் ஓவர்! பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் இன்னமும் இதை ஒரு துணைக்கு வைத்திருக்கிறார்கள். சாட்டிலைட் பில் ஏறாத வழியாச்சே.

ஜப்பான் வானிலை அமைப்பு 'ஜே.எம்.ஹெச்' என்ற அழைப்புப் பெயரில் 3622.5, 7795, 13988.5 கிலோஹெர்ட்ஸ் என மூணு அலைவரிசையில் அனுப்புகிறது. ஒரு காலத்தில் நம்ம புது டெல்லியிலிருந்தும் இதே மாதிரி வரைபடங்கள் ஒலிபரப்பாகியிருக்கின்றன. கியோடோ என்கிற ஜப்பானியச் செய்தி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், கடலில் இருக்கிற கப்பல்களுக்கு நியூஸ்பேப்பரையே ஃபேக்ஸ் பண்ணியது. நடுக்கடல்ல காலையில பேப்பர் வந்து விழறதை நினைச்சுப் பாருங்க!

சரி, இதுக்கு ஏன் குற்றாலம்? ஏன் படகு?

முதல் முயற்சி தென்காசி லாட்ஜ் ரூமில். ஜன்னல் வழியா பார்த்தா காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம். ரேடியோவைப் போட்டா 'ஙொய்ய்ய்...' என்று ஒரே இரைச்சல். எல்.இ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர், பக்கத்து ரூம் டி.வி... எல்லாமே ஷார்ட்வேவில் குப்பை கொட்டுகிற ஆசாமிகள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி வர்ற மெல்லிசான சிக்னல், இந்தச் சந்தைக்கடையில எங்கே கேட்கும்? கரென்ட் ஒயரே இல்லாத இடம் வேணும். சுத்தி தண்ணி, நடுவுல நாம... அப்படி ஒரு இடம் குற்றாலத்துல இருக்கே!

ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக் குளம். சீசனுக்குத் தண்ணி நிறைஞ்சதும் சுற்றுலாத் துறைக்காரங்க படகு விடுற இடம். குடும்பம் குடும்பமா பெடல் மிதிச்சுக்கிட்டு, செல்ஃபி எடுத்துக்கிட்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்க, துடுப்புப் படகில் நான் மடியில் லேப்டாப்போட ஏறினேன். ரூம்மேட் கையில் குடை. குடை எனக்கு இல்லை பாஸ், லேப்டாப்புக்கு! சாரல் எந்த நிமிஷம் வரும் என்று யார் கண்டது?

ஒயரைப் படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டினதைப் பார்த்து, துடுப்பு போடுற அண்ணாச்சி கேட்டார்: "என்ன தம்பி, மேட்ச் பாக்குதியளோ?"

"இல்ல அண்ணாச்சி, மழை மேப்பு."

"மழையா? அதான் தலைக்கு மேல நிக்கே!"

டயலை 13986.6-ல் வைத்தேன். (ஸ்டேஷன் நம்பர்ல இருந்து 1.9 கழிக்கணும். அப்பத்தான் கறுப்பும் வெள்ளையும் சரியான சுதியில விழும். சாதாரண ரேடியோ உதவாது, எஸ்.எஸ்.பி. வசதி இருக்கிற ரேடியோ வேணும்.) கரையை விட்டு விலக விலக இரைச்சல் அப்படியே வடிஞ்சது. அப்புறம் அந்தத் தகரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஸ்கிரீனில் முதலில் வெறும் மணல் மணலாகப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் ஒரு நேர்க்கோடு, சட்டத்தின் மேல் விளிம்பு. பிறகு செகண்டுக்கு ரெண்டு கோடாக, ரொம்ப நிதானமாக, ஒரு கடற்கரை இறங்கி வந்தது. கைரேகை மாதிரி சம அழுத்தக் கோடுகள், 'ஹெச்', 'எல்' எழுத்துகள், பக்கத்தில் ஜி.டபிள்யூ. என்று ஒரு முத்திரை. அந்த முத்திரைக்குப் பலத்த காற்று எச்சரிக்கை என்று அர்த்தம். எஸ்.டபிள்யூ. வந்தால் அதைவிட மோசம், டி.டபிள்யூ. என்றால் டைஃபூன்.

பதினைந்து, இருபது நிமிஷம் ஆகும் ஒரு மேப் முழுசாக இறங்க. ரீல்ஸ் தலைமுறைக்கு இது ஒரு யுகம். ஆனா ஒண்ணு சொல்றேன், கண்ணை எடுக்க முடியலை. துடுப்பை நிறுத்திவிட்டு அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். "இதுல குத்தாலம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

இல்லை. அது ஜப்பானைச் சுற்றியுள்ள கடலுக்குப் போடுகிற படம். நம்ம குற்றாலம் அந்தச் சட்டத்துக்கு வெளியே, மேற்கே எங்கேயோ கிடக்கிறது.

"அப்ப யாருக்குப் பிரயோஜனம்?"

நல்ல கேள்வி. போன்லயே காத்து, மழை, இடி எல்லாம் கலர் கலரா காட்டுற ஆப் இருக்கும்போது, இந்தக் கறுப்பு வெள்ளைக் கோடெல்லாம் யாருக்கு?

2017 நவம்பர் கடைசிக்குப் போவோம். 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையிலேயே அது 'ஒக்கி' புயலாக மாறி கன்னியாகுமரிக் கடலில் நின்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர் வாங்கினவர்கள். போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற எச்சரிக்கை கரையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். ஏற்கெனவே போனவர்களுக்கு? கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே செல்போன் டவர் செத்துவிடும். வி.ஹெச்.எஃப். ரேடியோவும் கிட்டத்தட்ட கண்ணுக்கெட்டுகிற தூரம்தான். தமிழகம், கேரளம் ரெண்டு பக்கமும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவே இல்லை.

ஒரு ஃபேக்ஸ் மேப் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று அளக்க மாட்டேன். குமரிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புயல் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட்டது, எந்த மேப்பும் உதவியிருக்காது. ஆனால் மேற்கே, லட்சத்தீவுப் பக்கம் வலை விரித்திருந்தவர்களை அது அடைய ஒன்றிரண்டு நாள் ஆனது. அந்த ஒன்றிரண்டு நாள் அவர்களுக்குத் தெரியாமலேயே கழிந்தது. வயிற்றைப் பிசைகிற விஷயம் அதுதான்.

பெரிய கப்பல்கள் கதை வேறு. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கு, எச்சரிக்கை வாங்குகிற கருவி இருந்தே ஆகணும் என்று சர்வதேசச் சட்டம் இருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலுக்கான வானிலைத் தகவலை நம்ம வானிலைத் துறையே சாட்டிலைட் வழியா அனுப்புகிறது. ஆனால் அந்தச் சட்டம் நம்ம விசைப்படகைக் கட்டாயப்படுத்தாது. ஒக்கிக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சின்னக் கருவி அறிமுகமானது. 'ககன்' செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தள்ளிவிடும். ஆனால் அது ஒருவழிப் பாதை, பதில் பேச முடியாது. அதனால் இருவழியிலும் பேசுகிற டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனாலும் ஜெமினி சொல்வது ஒரு வரி: போகாதே, திரும்பி வா. மேப் அப்படி எதுவும் சொல்லாது. கோடு எங்கே நெருங்குகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பும், தெற்கே தப்பலாமா வடக்கே தப்பலாமா... நீங்களே பார்த்து நீங்களே முடிவு எடுக்கணும். ரெண்டும் வேணும் என்பது என் கட்சி.

இப்போ குற்றாலத்துக்கு வருவோம். அண்ணாச்சியோட கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. குற்றாலம் உள்ள மேப்பே கிடைத்தாலும், அதில் அருவி தெரியுமா?

தெரியாது. இந்த ஊர் மழை மேப்புக்குள் அடங்காத மழை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி, மழையை அங்கேயே கொட்டிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் காய வேண்டியதுதான் நியாயம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில், மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. கொல்லம் ரயில் போகிறதே, அந்தச் சந்துதான். அதன் வழியாகக் காற்றும், காற்றோடு மிச்ச மழையும் தூவலாக வந்து சேரும். அதற்குப் பேர்தான் சாரல். குற்றாலத்தில் நடுங்கிக்கொண்டு பஸ் ஏறுங்க, பாவூர்சத்திரம் தாண்டும்போது சட்டை காய்ஞ்சிருக்கும். இருபது கிலோமீட்டருக்குள் ரெண்டு ஊர், ரெண்டு பருவம்! இதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் போடுகிற ஒரு படத்தில் எப்படிக் காட்டுவது? அதில் பேனா முள் தொடுகிற புள்ளிக்குள் மொத்த தென்காசி மாவட்டமும் அடங்கிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி எல்லாம் வெள்ளக்காடு. அதைக் கொண்டுவந்தது பேர் வைத்த புயல்கூட இல்லை, குமரிக் கடல் பக்கம் நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி. ஜப்பான்காரர்கள் மாதிரி நாலு மில்லிபாருக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தால், வட்டம்கூட விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

2024 மே 17. பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. 17 வயதுப் பையன் ஒருத்தன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நம்மைவிட ரெண்டு மூணு வயசு சின்னவன். மழை பெய்வது மேலே, காட்டுக்குள். குளிப்பது கீழே. ரெண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில நிமிஷம்தான்.

அந்தச் சில நிமிஷத்தைப் படிக்கிற ஆட்கள் குற்றாலத்தில் இருக்கிறார்கள். பேரருவியில் ஒரு வளைவு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. தண்ணி அதைத் தாண்டி வெளியே விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடும். அந்த விசிலுக்கு முன்னாடியே எண்ணெய்க் கடை ஆச்சி நிமிர்ந்து பார்க்கிறார். எதைப் பார்க்கிறீங்க என்று கேட்டேன். "தண்ணி கலரைப் பாரு. செவப்பா, சருகோட வந்துச்சுன்னா மேல பெருசா பெஞ்சிருக்குன்னு அர்த்தம். சத்தமும் கனமாயிரும்" என்றார். நிறம், சத்தம்... என் லேப்டாப்பும் அதே ரெண்டை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது.

ஆச்சியிடம் ஸ்கிரீனைக் காட்டினேன். ஜப்பான் மேப்பை உத்துப் பார்த்துவிட்டு, "நல்லா கோலம் மாதிரி இருக்கு" என்றார்.

முயற்சி பண்ணிப் பார்க்க ஆசையா? குற்றாலம் வரைக்கும் போகணும்னு அவசியமில்லை. ராத்திரி 7795 அலைவரிசை நல்லா வரும், டயலில் 7793.1 வைங்க. மேப்பில் போட்டிருக்கும் நேரம் யு.டி.சி., நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். கேட்பதற்கு மட்டும்தான் இந்த செட்டப். பதிலுக்கு நீங்க ஏதாவது அனுப்பணும்னா ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். படம் சாய்ஞ்சு இறங்கினா பயப்படாதீங்க, லேப்டாப் கடிகாரம் ஒரு பொடி அளவு பிசகியிருக்கும், சாஃப்ட்வேரிலேயே நிமிர்த்திடலாம். ஹாஸ்டல்காரங்க மொட்டை மாடிக்குப் போயிடுங்க. ரூமில் எல்லா சார்ஜரையும் பிடுங்கச் சொன்னா, உங்களைத்தான் முதல்ல வெளியே பிடுங்கிப் போடுவாங்க!