தொடர்பு உள்ளவள்

தமிழில் சில சொற்கள் ஆணைக் குறிக்கும்போது ஒரு பொருளும் பெண்ணைக் குறிக்கும்போது வேறொரு பொருளும் தரும். ‘தொடர்பு’ அவற்றில் ஒன்று. ‘அவருக்கு நிறையத் தொடர்பு உண்டு’ என்றால் செல்வாக்குள்ள மனிதர் என்று பொருள். ‘அவளுக்குத் தொடர்பு உண்டு’ என்று சொல்வதற்கு ஊர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். சொற்பொருள் மாற்றம் பற்றிப் பாடம் எடுக்கும்போது இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமே இருக்கிறது.

ரமணாசிரமத்தை ஒட்டிய தெரு ஒன்றில் ஓர் அக்கா தொழிற்பயிற்சி மையம் நடத்துகிறார். தையல், கணினிக் கணக்கு, தங்கும் விடுதிப் பராமரிப்பு ஆகிய மூன்றும் அங்கே உண்டு. அடி அண்ணாமலையிலிருந்தும் அத்தியந்தலிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் நான் சொல்லித்தருகிறேன். கற்றுக்கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. கற்றவளை யார் வேலைக்கு எடுப்பார் என்பதுதான் கேள்வி. அரசு மொழியில் இதற்குத் ‘தொழில் நிறுவன இணைப்பு’ என்று பெயர்.

ஆண்களுக்கு இந்த இணைப்பு டீக்கடையில் கிடைக்கிறது. கல்யாண வரவேற்பில், சங்கக் கூட்டத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல் நீளும் பேச்சில் கிடைக்கிறது. அக்கா அந்த இடங்களில் எதிலும் நிற்க முடியாது. பகலில் அலுவலகத்துக்கே போனால், “உங்க மையத்துல சார் யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கலாம்” என்கிறார்கள். ஒரே முதலாளியை மூன்றாவது முறை பார்க்கப் போனால் தெருவில் அந்தப் பழைய சொல் எழும்பிவிடுகிறது. அதனால்தான் என்னையும் கூட வரச்சொன்னார். “நீங்க காலேஜ் டீச்சர். ரெண்டு பேரா போனா வாய மூடிக்குவாங்க.”

இந்தப் பகுதியில் வேலை இல்லாமல் இல்லை. தீபம் முடிந்து மார்ச் வரை செங்கம் சாலையில் விடுதிகளும் காபிக் கடைகளும் துணிக்கடைகளும் நிரம்பி வழியும். சமைப்பதும் துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள். ரமணரின் தாய் அழகம்மாள் 1916இல் மகனோடு தங்க வந்து மலைமேல் அடுப்பு மூட்டினார். 1922இல் அவர் மறைந்தபின் சமாதி வைத்த இடத்தில்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது. இந்த ஊரில் பெண்ணின் உழைப்பைக் கும்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் அவள் பெயரை எழுதச் சொன்னால்தான் தயங்குவார்கள்.

அக்கா பிடித்த வழி 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மைய அரசின் திட்டம் ஏற்கிறது. சிறிய விடுதிக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. அக்கா தகவலை ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். தயவு கேட்டு வந்தவர்களாக எங்களைப் பார்த்த முகங்கள், அந்தத் தாளைப் படித்ததும் கொஞ்சம் மாறின.

பெரிய ஆலைகளின் கதை வேறு. மையத்துக்கு ஒருநாள் ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் வந்தார். “இருபது பேரையும் எடுத்துக்கறோம். கல்யாணம் ஆகாதவங்களா மட்டும் குடுங்க” என்றார். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் செய்தி வெளியிட்டதும், மைய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஆளெடுப்பில் பெண்ணுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. திருமண நிலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே ஆலையின் தொழிலாளிகள்தான் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

முகவர் வந்த அன்று வகுப்பில் முதலாவதாக இருந்தவள் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாய். அக்கா முகவரை அனுப்பிவிட்டார். அது எளிதான முடிவில்லை. “என் பொண்ணு சம்பளத்த நீ ஏன்மா கெடுக்கற?” என்று ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா முகவரை மறுபடி கூப்பிட்டார். விருப்பப்பட்டவர்களை அனுப்புவதாகவும், பணி ஆணை, இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னார். ஆறு பேர் போனார்கள். அந்தத் தாய் ஒரு விடுதியின் கணக்கறையில் பழகுநராகச் சேர்ந்தாள்.

போன ஆறு பேரும் இப்போது மையத்தின் கண்களாக இருக்கிறார்கள். எந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் கத்துவார், எந்த வேன் நேரத்துக்கு வராது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் செய்தி அனுப்புகிறார்கள். அடுத்த அணி அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கிறது. டீக்கடைக்குப் போக முடியாத பெண்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட தொழில் தொடர்பு இது.

வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அரசுப் படிவங்கள் கேட்கும். அக்கா தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் வேலையை விட்டவர்களின் காரணங்கள் இருக்கின்றன. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கடைசிப் பேருந்து ஏழரைக்கு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை. முதலாளியின் தம்பி. புதிய நிறுவனத்தைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைத்தான் மேசைமேல் முதலில் வைக்கிறார். சிலர் அதைத் திறக்காமலே தள்ளிவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல், ஒரு தச்சரைப் போனில் அழைத்தார்.