நகல் என்ற வசை

செனகலின் தலைநகர் டக்காரில் பாடப்படும் ராப் இசையை அமெரிக்க நகல் என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுச் சுழற்றிய கூல் ஹெர்க்கே ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்தான். அவ்வூர்த் தெருக்களின் ஒலிபெருக்கிப் பழக்கமும் அவரோடு வந்தது. பாட்டின் நடுவே சில விநாடியே வரும் தாளத்தை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஆக, மூலம் எனப்படுவதே வந்தேறிச் சரக்கு.

செனகலிலோ தாஸ்ஸு என்ற தாளப் பேச்சு முன்பே உண்டு. வோலோஃப் மொழி எனக்குத் தெரியாது. வங்கி வேலை முடிந்து இரவில் கேட்கையில், மூச்சு முறியும் இடங்கள் மட்டும் பிடிபடுகின்றன. அவை நியூயார்க்கின் முறிவுகளாகத் தோன்றவில்லை. 2011இல் ராப் பாடகர்கள் சிலர் பத்திரிகையாளர்களோடு இயக்கம் கட்டி, மூன்றாம் முறையும் ஆள விரும்பிய ஜனாதிபதி வாத்தை எதிர்த்தார்கள். இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். 2012இல் வாத் தோற்றார். ஒரு வடிவம் உள்ளூருடையதா என்பதை, உள்ளூரில் அது யாரைச் சங்கடப்படுத்துகிறது என்று பார்த்தே சொல்ல முடியும்.