மான் விழியும் மான் வாயும்

கதை எழுதுகிறவர்களுக்கு மானைப் போல் உபகாரி வேறு கிடையாது. கதாநாயகியின் கண்ணுக்கு உவமை வேண்டுமா? மான் இருக்கிறது. அவள் மருண்டு பார்க்க வேண்டுமா, துள்ளி ஓட வேண்டுமா? அதற்கும் மான்தான். விழியைப் பாடினார்கள், நடையைப் பாடினார்கள், உடம்பின் புள்ளியைக்கூடப் பாடினார்கள். மானுக்கு ஒரு வாயும் உண்டு என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

காளிதாசன் வர்ணித்த கண்வ முனிவரின் ஆசிரமத்தில் மான்களும் இருந்தன. சகுந்தலை நீர் ஊற்றி வளர்த்த செடிகொடிகளும் இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் எப்படிப் பிழைத்தன என்று என் சம்பந்தியம்மாளிடம் ஒருநாள் கேட்டேன். “கண்வர் ரிஷி. தபோபலத்தால் சமாளித்திருப்பார். எனக்கு அது ஏது, சம்பந்தி?” என்றார். பாதி சிரிப்பு, பாதி உண்மையான வருத்தம்.

அந்த வருத்தத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். என் மாப்பிள்ளை சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியர். வீடும் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1959-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குக் கிண்டிக் காட்டிலிருந்துதான் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். காட்டின் இன்னொரு பகுதி 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்கா என்றால் ஏதோ பெரிய வனம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றிலும் பட்டணம். ஆகவே, மான்கள் வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன என்று நாம் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். மான்கள் இருந்த இடத்தில்தான் வீடு வந்து புகுந்தது.

நியாயம் மானின் பக்கம் இருக்கலாம். ஆனால் செம்பருத்தி சம்பந்தியம்மாளுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராம வீட்டுக் கொல்லையிலிருந்து அவருடைய கணவர் ஒரு போத்து ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து நட்டது. மறு வருஷம் அவர் காலமாகிவிட்டார். கிராமத்து வீடும் கை மாறிவிட்டது. மிச்சம் இந்தச் செடி ஒன்றுதான். அன்றாடம் காலையில் அதில் பூக்கிற பூ அவருடைய படத்துக்குப் போகும்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் பூவும் இல்லை, மொட்டும் இல்லை, தளிரும் இல்லை. குச்சிகள் மட்டும் நின்றன.

வயதான தோட்டக்காரர் ஒருவர் குச்சியின் நுனியைத் தடவிப் பார்த்து, “மான்தாங்க அம்மா. முயல் கடிச்சா கத்தியால சீவின மாதிரி இருக்கும். இது பிச்சு இழுத்திருக்கு பாருங்க” என்றார். வாஸ்தவம்தான். மானுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டுப்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களால் பிடித்து இழுத்துப் பிய்க்கிறது. அதனால் காம்பு கிழிந்து நார் நாராக நிற்கும். முள் இருந்தாலும் லட்சியம் செய்யாது. ரோஜாவை முள்ளோடு சேர்த்து ரசித்துச் சாப்பிடும்.

பிறகு ஆளுக்கொரு யோசனை. பூந்தொட்டிகளை மதில்மேல் தூக்கி வைத்தார்கள். கலைமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று எட்டிப் பறித்தது. சோப்புத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இரண்டு நாள் தயங்கின. மூன்றாம் நாள் பழகிவிட்டன. வாசனையால் விரட்டுவது எல்லாமே அப்படித்தான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி மறுபடி செய்ய வேண்டும். முட்டையைக் கரைத்துத் தெளித்தால் மான் அண்டாது என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் பூஜைக்குப் பறிக்கிற செடியில் முட்டையா என்று சம்பந்தியம்மாள் பார்த்த பார்வையில், சொன்னவரே அண்டவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை முள்கம்பி வேலி போட்டுவிடலாம் என்றார். துள்ளித் தாண்டுகிற மானை நிச்சயமாக நிறுத்த வேண்டுமானால் வேலி ஏழு, எட்டு அடி உயரம் வேண்டும். கம்பிக்கு ஆள்கூடப் பேசியாகிவிட்டது.

அந்த வாரம் ஒரு கலைமான் வீதியில் வந்ததை நாங்கள் பார்த்தோம். எங்கேயோ தொய்வாகத் தொங்கிய நைலான் வலையில் தலையை விட்டிருக்கிறது. கொம்பு முழுவதும் வலை சுற்றி, ஒரு கண்ணை மறைத்து, தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டிருந்தது. தலையை உதறும்போதெல்லாம் இன்னும் இறுகியது. தகவல் சொன்னோம், வனத்துறை ஆட்கள் வந்து நெடுநேரம் போராடி அறுத்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் அதுவரையில் வாசற்படியை விட்டு நகரவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, “முள்கம்பி வேண்டாம்” என்றார்.

“செடி போய்விடுமே, அம்மா?” என்றார் மாப்பிள்ளை.

“செடி போகக்கூடாது. ஆனால் அவர் நட்ட செடிக்காக ஒரு பிராணி கிழிபடுவதும் கூடாது. இரண்டுக்கும் வழி பாருங்கள்.”

வழி இருந்தது. தோட்டம் முழுவதையும் காப்பாற்றுகிற ஆசையை விட்டுவிட்டால் போதும். எதைக் காப்பாற்றியே தீர வேண்டும்? ஒரே ஒரு செம்பருத்தி. அதைச் சுற்றி மூன்றடி தள்ளி நாலு கம்பம் ஊன்றி, விறைப்பான இரும்பு வலையை ஆளுயரத்துக்கு இழுத்துக் கட்டினோம். கடையில் ‘வெல்டு மெஷ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். தொய்வு இல்லாததால் கொம்பு சிக்காது. கண் சிறியதாக இருந்தால் மூக்கும் நுழையாது. நாலு பக்கமும் நெருக்கமாக இருக்கிற சின்னக் கூண்டுக்குள் மான் குதிப்பதும் இல்லை. இறங்கக் காலுக்கு இடம் இல்லை என்று அதற்குத் தெரிகிறது.

கூண்டுக்கு வெளியே மானுக்குப் பிடிக்காதவற்றை வைத்தோம். அரளியை அது பெரும்பாலும் தொடாது. அதன் உடம்பெல்லாம் விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அரளிக்கு யோசிக்க வேண்டும். என் பேத்தியை உத்தேசித்து அதை வேலியோரம் ஒதுக்கிவிட்டு, நித்தியகல்யாணியை நிறைய நட்டோம். கேட்பாரற்று மதில் இடுக்கிலெல்லாம் முளைக்கிற அந்தப் பூவின் கசப்பு மானுக்கு ஆகாது. அதே செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். மான் முகர்ந்து பார்த்து ஒதுக்கியதில் மனிதனுக்கு இவ்வளவு பிரயோஜனம்!

ரோஜாவை மொட்டை மாடிக்கு அனுப்பினோம். பிளாஸ்டிக் பை ஒன்றுகூடத் தோட்டத்தில் கிடக்கக்கூடாது என்பது சம்பந்தியம்மாளின் தனி உத்தரவு. உணவு ஒட்டியிருக்கும் பையை மான் அப்படியே விழுங்கிவிடும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டு பிராணனையே வாங்கிவிடும்.

இரண்டு மழைக்குப் பிறகு செம்பருத்தி பழையபடி தழைத்தது. வலைக் கண்கள் வழியாகச் சில கிளைகள் வெளியே நீண்டன. அவற்றை உள்ளே இழுத்துக் கட்டப் போனார் தோட்டக்காரர்.

“இருக்கட்டும், விடுங்கள். உள்ளே பூப்பது படத்துக்கு. வெளியே வருகிறது அதுகளுக்கு” என்றார் சம்பந்தியம்மாள்.

மறுநாள் காலையில் வெளிக்கிளைகள் மொட்டையாக இருந்தன. உள்ளே ஏழு பூக்கள் இருந்தன. அவர் எண்ணிக்கொண்டே பறித்தார்.