பால் கணக்கு நோட்டில் ஒரு வாரம்

என் பெண் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருஷத்தில் கணக்குப் பாடத்தில் அரியர் வைத்துவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "தினம் அஞ்சு மணி நேரம்தானே காலேஜ்? மீதி நேரமெல்லாம் என்னடி பண்றே? எப்பப் பாரு கையில போன்!" என்றேன். போதாக்குறைக்கு என் நாத்தனாரும் வந்திருந்தாள். "படிப்பு ஏறலேன்னா ஒரு வரன் பாத்துட வேண்டியதுதானே அண்ணி" என்றாள்.

பெண் எதிர்த்துப் பேசவில்லை. "ஒரு வாரம் நான் என்ன பண்றேன்னு பாத்துட்டு அப்புறம் திட்டும்மா" என்று மட்டும் சொன்னாள். குரல் கம்மியது.

சரி, பார்த்துவிடுவோம் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன்.

வகுப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை 25 மணி நேரம். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது மற்றதெல்லாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, போவது, வருவது எல்லாம் சேர்த்துத் தினம் 2 மணி. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதில் காசுதான் மிச்சம், நேரம் மிச்சமாகவில்லை! ஐந்து நாளைக்கு 10 மணி போயிற்று.

அப்புறம் இந்த ரெக்கார்டு நோட்டு. லேபில் செய்ததை வலது பக்கம் பேனாவால் எழுத வேண்டும். இடது பக்க வெள்ளைத் தாளில் பென்சிலால் அட்டவணை போட்டு, ப்யூரெட்டில் பார்த்த அளவுகளை நிரப்ப வேண்டும். ஒரு எண் தப்பினால் பக்கம் முழுவதும் திரும்ப எழுதுகிறாள். வாத்தியார் கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்கு விடமாட்டார்களாம். அதற்கு 5 மணி. அசைன்மெண்ட், செமினார் என்று 4 மணி. பாடம் படிக்க 8 மணி. அவள் காலேஜில் 100 மார்க்கில் 25 இன்டர்னல் என்பதால், இந்த டெஸ்டையும் அசைன்மெண்டையும் தள்ளிப்போட முடியாது. போனையும் விடாமல் குறித்தேன்: 6 மணி. அதிலும் பாதி, தோழி அனுப்பிய நோட்ஸைப் பார்த்து எழுதியது.

போனை விட்டுவிட்டே கூட்டிப் பார்த்தேன். 52 மணி! என் வீட்டுக்காரர் கடையில் வேலை பார்ப்பது வாரத்துக்கு 48 மணி. அவர் வந்ததும் ஃபேன் போட்டு, காபி கொடுத்து, "பாவம், களைச்சு வந்திருக்கார்" என்கிறோம். இவள் வந்ததும் பாத்திரம் காத்திருக்கும். வாசல் தெளிப்பது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், துணி மடிப்பது என்று நான் வாங்கிய வேலை மட்டும் 13 மணி. அதைக் குறிக்கும்போதுதான் எனக்குக் கை நின்றது.

அஞ்சல் வழியில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்காம். 4 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. "வீட்ல உக்காந்து படிக்கறதும் படிப்புக் கணக்குலதான் வருது" என்றாள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். காலேஜ் என்றால் மணி அடித்ததும் முடிந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் பிளஸ் ஒன் படிக்கும் பையன் பொறுப்பு. "ஆம்பளப் பையன் நான் போய்..." என்று இழுத்தான். "ஆம்பளப் பையன் சாப்பிட்ட தட்டுதானே அது" என்றேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். டெஸ்ட் நடக்கும் வாரத்தில் பெண்ணுக்குக் கோலம்கூடக் கிடையாது, அது என் வேலை.

அரியர் பேப்பரை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வரன் பேச்சை எடுத்த நாத்தனாரிடம், "அவ டிகிரி வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பையனுக்குத்தான் குக்கர் காஸ்கெட்டைக் கழற்றிக் கழுவ இன்னும் வரவில்லை.