ஆனேக்கலில் ஒரு நாள்

ஓசூரைக் கடந்து ஜூஜூவாடி எல்லையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகின்றது. அத்திப்பள்ளியில் இறங்கி மேற்கே செல்லும் பேருந்தில் ஏறினோம். முற்பகல் வெயில் ஏறுமுன் ஆனேக்கலை அடைந்தோம்.

பெங்களூர் நகர மாவட்டத்தின் தாலுகாத் தலைநகர்களுள் ஒன்று இவ்வூர். பெங்களூரினின்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெயரைக் கேட்டதும் நம்மவர் ‘ஆனைக்கல்’ என்றே பொருள் கொள்வர். கன்னடத்தில் அச்சொல்லுக்கு ஆலங்கட்டி என்ற பொருளும் உண்டு. இங்குள்ள தருமராய சுவாமி கோயிலின் கரக விழா பெயர் பெற்றது. கரகம் எடுக்கும் திகளர் குலத்தாரின் பேச்சில் தமிழ் கலந்திருப்பதைக் கேட்கும்போது, இம்மண்ணுக்கு வந்த முதல் தமிழர் நாமல்லர் என்பது விளங்கும்.

ஊர் பழையது, தாலுகாவோ புதுக்கோலம் பூண்டுள்ளது. பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழில் வட்டாரங்கள் இத்தாலுகாவைச் சார்ந்தவை. 2000ஆம் ஆண்டில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயா மருத்துவமனை பொம்மசந்திராவில் உள்ளது. 2025 ஆகஸ்டு முதல் பெங்களூர் மெட்ரோவும் அங்கு வரை ஓடுகின்றது.

நாம் காணச் சென்றது ஒன்றுவிட்ட தங்கையின் இல்லத்தை. தருமபுரிப் பக்கத்தினின்று பிழைப்புத் தேடி வந்த குடும்பம். மைத்துனர் தொழிற்சாலையில் பணியாற்றுகின்றார். உயிர்வேதியியல் பட்டம் பெற்ற ஒரே மகள், ‘மெடிக்கல் கோடிங்’ என்னும் வேலையில் இருக்கின்றாள். அஃது என்ன வேலை என்று வினவினோம்.

“மாமா, மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைக் குறிப்பதே எங்கள் வேலை. அவ்வெண்ணைக் கொண்டுதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும்” என்றாள்.

இவ்வெண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இறப்பின் காரணங்களை வகைப்படுத்தும் பட்டியலை 1893இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் முன்வைத்தார். அதன் வழிவந்த நோய்ப்பட்டியலை 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் பேணி வருகின்றது. அதன் பத்தாம் திருத்தத்தைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா கையாளுகின்றது. அதில் ‘ஐ10’ என்றால் உயர் இரத்த அழுத்தம், ‘இ11.9’ என்றால் சிக்கல் சேராத இரண்டாம் வகை நீரிழிவு. சிகிச்சை முறைகளுக்கோ, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதல் வெளியிட்ட ‘சி.பி.டி.’ என்னும் வேறொரு தொகுதி உண்டு. அமெரிக்க நோயாளியின் ஏட்டை ஆனேக்கல் பெண் படிப்பது இவ்வாறுதான்.

வேலை கிடைத்த கதை எளிதன்று. பட்டம் பெற்றதும், “பணம் கட்டினால் வேலை உறுதி” என்று ஒரு பயிற்சி நிலையத்தார் கூறினராம். தங்கை தன் வளையல்களை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினாள். மூன்று மாதத்தில் பயிற்சி முடிந்தது, வேலையோ வரவில்லை. பின்னொரு நாள் சென்று பார்த்தபோது நிலையத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. “அன்று இரவு எவரும் உண்ணவில்லை, அண்ணா” என்றாள் தங்கை.

மகள் மனந்தளரவில்லை. உடற்கூற்றியலையும் மருத்துவச் சொற்களையும் தானே மீண்டும் பயின்றாள். எட்டு மாதம் கழித்து, கட்டணம் எதுவும் கேளாமல் எழுத்துத் தேர்வு நடத்திய ஒரு கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அதன் பின்னரே, 1988இல் தோன்றிய ‘ஏ.ஏ.பி.சி.’ என்னும் அமெரிக்க அமைப்பின் ‘சி.பி.சி.’ தேர்வை எழுதினாள். நூறு வினாக்கள், நான்கு மணி நேரம், நூற்றுக்கு எழுபது பெற்றால் தேர்ச்சி. அனுபவம் நிரம்பாதோர் பட்டத்தின் பின் ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டியிருக்கும்; பயிற்சி நிலையைக் காட்டும் அவ்வெழுத்து அனுபவம் நிரம்பியபின் நீங்கும். அதற்கு மேல் தணிக்கையாளர், பயிற்றுநர், குழுத்தலைவர் எனப் படிகள் உண்டு. சென்னை, கோவை, திருச்சி நகரங்களிலும் இவ்வேலை உண்டு என்பதால், ஊர் திரும்ப நினைப்போர்க்கும் வழி அடைபடுவதில்லை.

“இத்தொழிலில் முதற்பாடம் யாது?” என்றோம்.

“ஏட்டில் இல்லாததை எழுதக்கூடாது, மாமா. வெளிநோயாளிக்கு ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் ஐயப்பட்டு எழுதியிருந்தால், நாங்கள் நிமோனியா என்று குறிக்கலாகாது. இருமல், காய்ச்சல் என்று கண்டதை மட்டுமே குறிக்கவேண்டும். இல்லாத நோய் ஒருவர் பெயரில் ஏறினால், அது பின்னும் அவரைத் தொடரும்.”

இதன் உண்மையை அவ்வீடே கண்டது. சென்ற ஆண்டு தங்கை ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற்றாள். இன்ஷூரன்ஸ் எடுத்து மூன்றாண்டு ஆகியிருந்தது; நீரிழிவு கண்டதோ இரண்டாண்டுக்கு முன்தான். எனினும், பழைய நோயை மறைத்ததாகக் கூறிப் பணம் தர மறுத்துவிட்டனர். குடும்பம் திகைத்தது. வீடு திரும்பும்போது தந்த சுருக்கக் குறிப்பை மகள் வரிவரியாகப் படித்தாள். ‘2 ஆண்டு’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘20 ஆண்டு’ என்றிருந்தது! முதன்முதல் நீரிழிவு கண்ட நாளின் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, மருத்துவரிடமே திருத்தம் பெற்று மறுவிண்ணப்பம் செய்தாள். முழுத்தொகையும் வந்தது. ஒரு சுழியம் ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்த இருந்ததே!

“எந்திரமே இனி எண் குறிக்கும் என்கின்றார்களே, மச்சான்?” என்று மைத்துனர் கவலையுடன் நம்மை வினவினார். மகளே விடை தந்தாள்: “எளிய ஏடுகளை இப்போதே அது குறிக்கின்றது, அப்பா. அது குறித்ததைச் சரிபார்க்கத்தான் நான் தணிக்கை படிக்கின்றேன்.”

மாலையில் பேருந்து நிலையம் வரை மகள் வழியனுப்ப வந்தாள். தங்கையின் கையில் மீட்ட வளையல்களைக் கண்டு மகிழ்ந்த மனத்தோடு ஊர் திரும்பினோம். நம் அன்பர்களின் இல்லங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் வேலை தேடி நிற்கின்றனர். அவர்கட்கு நாம் கூற விரும்புவன இரண்டு. வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பி நகையை அடகு வைக்கவேண்டா. மருத்துவமனை தரும் தாளைப் படிக்காமல் பெட்டியில் பூட்டவும் வேண்டா.