சிப்ஸ் கறுத்ததற்கு எண்ணெய் காரணமில்லை!

சனிக்கிழமை காலை. கோவை புறநகரில் ஒரு வீட்டின் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முறுக்கும் தட்டுவடையும் செய்து கொடுத்துவந்த அந்த இல்லத்தரசிக்கு, முதல்முறையாக உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு ஆர்டர் வந்திருந்தது. அடுத்த தெருவில் புதுமனை புகுவிழா. இரண்டு கிலோ வேண்டும், மதியத்துக்குள்.

ஒரு கிலோ சிப்ஸுக்குச் சுமார் நான்கு கிலோ கிழங்கு பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு முன் விலை இறங்கியபோதே எட்டு கிலோ வாங்கிவிட்டார். வெயிலில் முளைவிட்டுவிடுமோ என்ற பயத்தில், ஃப்ரிட்ஜில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து கிழங்கை அடுக்கிவைத்தார். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

முதல் ஈடு காபிக் கொட்டை நிறத்தில் வந்தது.

"எண்ணெய் காய்ஞ்சது ஜாஸ்தி கண்ணு, தீயைக் குறை" என்றார் மாமியார்.

தீயைக் குறைத்தார். இரண்டாவது ஈடு நமத்துப்போய் வந்தது, ஆனால் நிறம் மாறவில்லை. எண்ணெய் பழசோ என்று புது பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினார். அப்போதும் அதே கதை. சீவிய வில்லைகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் உலர்த்திப் போட்டதில் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். வாயில் போட்டால் முதலில் லேசான இனிப்பு, பிறகு கசப்பு.

வேறு வழியில்லாமல், கிழங்கு வாங்கிய கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணா, இந்தக் கிழங்குல என்னங்க கோளாறு?"

"ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப சிப்ஸுக்கு ஆகாதுங்க. இனிச்சுப்போயிருக்கும்."

அவர் சொன்னது சரிதான். உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பிறகும் உயிருள்ள பொருள். குளிர் அதிகமானால், தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரைகளாக மாற்றிக்கொள்ளும். வீட்டு ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிர் அதற்குப் போதும். கொதிக்கும் எண்ணெயில் இந்தச் சர்க்கரை, கிழங்கில் இயல்பாகவே உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தோடு சேரும். கறுப்பும் கசப்பும் வருவது இப்படித்தான். கூடவே அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் உருவாகும்.

பொரித்த, சுட்ட உணவுகளில் அக்ரிலமைடு இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது உலகமே திடுக்கிட்டது. அதற்கு முன்பே, 1994-ல், சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள' பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளே அதற்கு முக்கிய ஆதாரம். எப்போதோ நாலு சிப்ஸ் சாப்பிட்டதற்காக யாரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால், கருகிய நிறம் ஓர் எச்சரிக்கை என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் சிப்ஸில் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் தயாரிப்பாளர் தன் முறையைத் திருத்த வேண்டும். சிப்ஸுக்கான கிழங்கை 6 டிகிரிக்கு மேல்தான் சேமிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

சேமிப்பு பாதிக் கதை என்றால், ரகம் மீதிக் கதை. நீலகிரியில் விளையும் குஃப்ரி ஜோதி போன்றவை குழம்புக்கும் பொரியலுக்கும் அருமையானவை. சிப்ஸுக்கோ சர்க்கரை குறைவாகவும், நீர் போக மிஞ்சும் திடப்பொருள் 20 சதவிகிதத்துக்கு மேலாகவும் இருக்கிற கிழங்கு வேண்டும். நீர் குறைவாக இருந்தால்தான் எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே உருவாக்கி, 1998-ல் வெளியிட்டவை குஃப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 ரகங்கள். இவற்றைச் சாதாரண குளிர்ப்பதனக் கிடங்கின் 2 முதல் 4 டிகிரியில் வைப்பதில்லை. முளைவிடாமலிருக்க மருந்து கொடுத்து, 10 முதல் 12 டிகிரியில் வைக்கிறார்கள்.

நிறம் மட்டும் நன்றாக இருந்தாலும் போதாது. அமெரிக்காவில் 1967-ல் லெனாபி என்றொரு ரகம் வந்தது. சிப்ஸ் பொன்னிறமாக வரும். ஆனால், சொலனைன் போன்ற நச்சுப்பொருள்கள் அதில் மிக அதிகமாக இருந்தது தெரியவந்து, 1970-ல் திரும்பப் பெற்றார்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த எந்தக் கிழங்கிலும் சொலனைன் கூடியிருக்க வாய்ப்புண்டு. பொரித்தாலும் அது போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். அதிகம் என்றால் கிழங்கையே எறிவது நல்லது.

மணி பதினொன்றரை ஆகிவிட்டது. "மிளகாய்த்தூளைத் தூக்கலாப் போட்டா நிறம் யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மாமியார். வீணாகிறதே என்ற ஆதங்கம் அவருக்கு. இரண்டு பாக்கெட் எண்ணெய், எட்டு கிலோ கிழங்கு. மருமகள் மிளகாய்த்தூள் டப்பாவைக் கையில் எடுத்தும்விட்டார். அதற்குள் அவருடைய ஆறு வயது மகள் கறுத்த சிப்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பினாள்.

"அதைத் திங்காதே, வெச்சிடு" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். தன் பிள்ளைக்குக் கொடுக்காததை ஊரார் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, விழா வீட்டுக்கு போன் செய்தார். "கிழங்கு சரியில்லீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தர்றேன். வேண்டாம்னா முன்பணத்தை இப்பவே அனுப்பிடறேன்." அந்தப் பக்கம் சற்று மௌனம். பிறகு, "சாயங்காலமே குடுங்க, பரவாயில்லை" என்று பதில் வந்தது.

இந்த முறை கடைக்காரரிடம், ஃப்ரிட்ஜிலோ கிடங்கிலோ வைக்காத, புதிதாக வந்த கிழங்காகக் கேட்டார். முதலில் ஒரே ஒரு கிழங்கை வாங்கிவந்து, நாலு வில்லை சீவிப் பொரித்துப் பார்த்தார். வைக்கோல் நிறத்தில் வந்தது. அதன்பிறகுதான் மீதியை வாங்கினார். சீவியதும் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மிதமான சூட்டில் பொரித்து, பொன்னிறம் ஏறும் முன்பே அரிகரண்டியால் அள்ளினார்.

ஃப்ரிட்ஜ் கிழங்கில் சீவாமல் மிஞ்சியிருந்ததும் வீணாகவில்லை. வேகவைக்கும்போது அக்ரிலமைடு உருவாவதில்லை என்பதால், அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் குருமாவும் பூரி மசாலும்தான்.

இப்போது அந்தச் சமையலறை மூலையில், காற்றோட்டமான ஒரு மூங்கில் கூடையில், வெளிச்சம் படாமல் சாக்கு மூடியபடி கிழங்கு இருக்கிறது. ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும். ஆர்டர் வந்தால் அன்றைக்குப் போய் வாங்குகிறார். கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடத்தான் ஆகிறது.

"ஆகட்டும் கண்ணு, நாலு வில்லை போட்டுப் பார்த்துட்டு வாங்கு" என்கிறார் மாமியார்.